பொறி நிறைய பழ ஈ விழுது, நீலம் மாங்காயில இன்னும் புழு. ஏன்?

பர்கூர் விவசாயி:
செந்தூரா மாங்காயைப் பெரிய சேதமில்லாம வித்துட்டேன். நீலம்தான் அடிவாங்குது. வெளியே ஊசி குத்துன மாதிரி புள்ளி, அறுத்தா உள்ளே வெள்ளைப் புழு. பழ ஈயை இழுக்குற மெத்தில் யூஜினால் வாசனைக் கட்டை வெச்ச பொறி கட்டியிருக்கேன், ஈ கொத்துக்கொத்தா விழுது. விழுற ஈ எல்லாம் ஒரே மாதிரியும் இல்ல. மருந்துக்கட்டை போலியா இருக்குமோ?

போச்சம்பள்ளி தோப்புக்காரர்:
கட்டை நல்லா வேலை செய்யுது தம்பி. ஆனா அந்த வாசனைக்கு வர்றது ஆண் ஈ மட்டும்தான். மிஞ்சுற ஒரு ஆண் பல பெண் ஈயோட சேரும், முட்டையும் விழும். அதனால பொறி நிறைஞ்சா தோப்புல ஈ குறைஞ்சதுன்னு நினைக்காதீங்க.

பழ ஈயில எந்த இனம்னு முதல்ல பாருங்க. இறக்கையோட மேல்விளிம்பு முழுக்கக் கறுத்த பட்டை ஓடினா டார்சாலிஸ். செம்பழுப்பு உடம்பு, பட்டை இல்லாம நுனியில மட்டும் புள்ளின்னா சோனேட்டா. பட்டை நடுவுல விட்டுப்போய், முகத்துல குறுக்கே கறுப்புக் கோடு இருந்தா கரெக்டா. மூணும் இதே பொறிக்கு வரும், மூணும் கொய்யாவையும் விடாது. பாகல், பூசணியைக் கெடுக்குற ஈ வேற. அது க்யூலூர்ங்கிற வேற வாசனைக்குத்தான் வரும்.

பர்கூர் விவசாயி:
போன் கேமராவுல பெரிசாக்கிப் பார்த்தேன் அண்ணே. நுனிப்புள்ளி ஈதான் அதிகம், பட்டை உள்ளதும் கலந்திருக்கு. வரப்புல நாலு கொய்யா மரம் இருக்கு. பழம் கீழே கொட்டி அழுகிக் கிடக்கு.

ஏற்றுமதி பேக்ஹவுஸ் (பழம் பெட்டியில அடைக்குற கூடம்) ஊழியர்:
48 டிகிரி வெந்நீர்ல 60 நிமிஷம் வெச்சா முட்டை, புழு செத்துடும். 2014 மே மாசம் ஐரோப்பிய ஒன்றியம் நம்ம மாம்பழத்தை நிறுத்தினதே பழ ஈயாலதான். அடுத்த வருஷம்தான் திறந்தாங்க.

போச்சம்பள்ளி தோப்புக்காரர்:
அது பறிச்ச பிறகு, அனுப்புற பழத்துக்கு. தோப்புல ஈ அதால குறையாது.

தம்பி, உங்க ஈ அந்த கொய்யாவுலதான் வளருது. மாங்காய் இல்லாத மாசத்துலயும் அதுக்கு அங்க சாப்பாடு கிடைக்குது. மரத்தை வெட்ட வேணாம், பழத்தைப் பழுக்க விடாம பறிங்க. விழுந்த மாங்காயையும் கொய்யாவையும் தினமும் பொறுக்கி, ரெண்டடி ஆழத்துல புதைங்க. குப்பைக்குழியில மேலாகப் போட்டா புழு துள்ளி வெளியே வந்து மண்ணுல கூட்டுப்புழுவாயிடும். அறுவடை முடிஞ்சதும் மரத்தடியைக் கொத்தி விட்டா அந்தக் கூடுகள் வெயிலுக்கும் எறும்புக்கும் போயிடும். முட்டை வளர புரதம் தேடுற பெண் ஈக்கு மருந்து கலந்த புரத இரை தனியா வைக்கணும். மருந்துக் கலவை அளவைத் தோட்டக்கலை அலுவலகத்துல கேளுங்க. பக்கத்துத் தோப்புக்காரரையும் சேர்த்துக்கங்க, அவர் சும்மா இருந்தா அங்கிருந்து பறந்து வந்துடும்.

பர்கூர் விவசாயி:
நாளைக்குக் காலையில கொய்யாவுலயே ஆரம்பிக்கிறேன் அண்ணே. பக்கத்துத் தோப்பு மாமாகிட்ட இன்னிக்கு ராத்திரியே பேசுறேன்.