போர்வெல்லில் 50 நிமிடத்தில் தண்ணீர் நிற்கிறது, போரை 900 அடிக்கு ஆழப்படுத்தலாமா?

தோட்டத்துக்காரன்:
அவிநாசி பக்கம், நைஸ் பாறை. ஆறரை இஞ்சு போர், ஆழம் 620 அடி, கேசிங் (மேல்பக்கம் மண் சரியாம இறக்கின குழாய்) 60 அடி. 285 அடியில் ஒரே கேப் (தண்ணி வரும் பிளவு) கிடைச்சது, ரிக்காரங்க வி-நாட்ச்சில் (வரத்து அளக்க வி வடிவில் வெட்டின தகடு) இரண்டரை இஞ்சுன்னு சொன்னாங்க. அதுக்குக் கீழே வெறும் பாறைப் பொடிதான் வந்தது. 7.5 எச்.பி. மோட்டார் 560 அடியில் நிக்குது. மோட்டார் ஓடாதப்போ தண்ணி மட்டம் 190 அடி. ஓட்டின 50 நிமிஷத்தில் காத்து வாங்குது. ஆழப்படுத்தவா, ஹைட்ரோ பிராக்சரிங் (அழுத்தத்தில் தண்ணி செலுத்திப் பாறைப் பிளவைத் திறக்கிறது) பண்ணவா?

பாறைவெடிப்பு:
ரெண்டும் இப்ப வேண்டாங்க, முதல்ல அளந்து பாருங்க. ஆறரை இஞ்சு போரில் குழாய் அடைக்கும் இடம் போக அடிக்கு சுமார் 6 லிட்டர்தான் நிக்கும். 190-லிருந்து 560 வரை 370 அடி, அதாவது ஏறக்குறைய 2,200 லிட்டர். நீங்க முதல்ல இறைக்கிறது பெரும்பாலும் அந்தத் தண்ணியைத்தான், ஊத்துத் தண்ணியை இல்லை.

மோட்டாரை நிறுத்தினதும் 10 நிமிஷத்துக்கு ஒருமுறை மட்டம் எவ்வளவு ஏறுதுன்னு எழுதுங்க. ரெண்டு கோர் ஒயர் நுனியில் சின்ன எடை கட்டி, மல்டிமீட்டரை ஓம் (மின்தடை) அளவில் வெச்சு இறக்கினா போதும். தண்ணி தொட்டதும் முள் அசையும். பக்கத்துத் தோட்டத்து மோட்டார் அப்போ ஓடக்கூடாது.

தோட்டத்துக்காரன்:
அளந்துட்டேன். நிறுத்தினப்போ 560. 10 நிமிஷத்தில் 510, 20-ல் 460, 30-ல் 410. அதே வேகத்தில் ஏறி, 285-ஐத் தாண்டினதும் மெதுவாயிடுச்சு. 2 மணி நேரத்தில் 215.

பாறைவெடிப்பு:
அப்ப விடை கிடைச்சிடுச்சு. 10 நிமிஷத்துக்கு 50 அடி, அதாவது 300 லிட்டர். நிமிஷத்துக்கு 30 லிட்டர். 560-ல் இருந்தாலும் 410-ல் இருந்தாலும் வேகம் ஒன்னுதான், 285-ஐத் தொட்டதும் குறையுது. தண்ணி விடுறது அந்த ஒரே பிளவு. மட்டம் பிளவுக்குக் கீழே போனபிறகு மோட்டாரை எத்தனை அடி இறக்கினாலும் வரத்து கூடாது, கொட்டுற அருவிக்குக் கீழே பள்ளம் தோண்டின மாதிரிதான்.

இரண்டரை இஞ்சு எங்கே போச்சுன்னா, 90 பாகை வி-நாட்ச்சில் அது நிமிஷத்துக்கு 84 லிட்டர் அளவு. ஆனா அது புதுசாத் திறந்த பிளவு தன்கிட்ட நிறைச்சு வெச்சிருந்ததைக் கொட்டினது. கெட்டிப் பாறையில் பிளவு குழாய் மாதிரி. தொட்டி மேலே இருக்கிற சிதைந்த பாறையும் மண்ணும்தான்.

ஆழம் பற்றி: பிளவு வழியா ஓடும் தண்ணி அதன் அகலத்தின் மூன்றாம் மடிக்கு ஏத்த மாதிரி மாறும். அகலம் பாதியானா ஓட்டம் எட்டில் ஒன்னு. 1 மில்லிமீட்டர் பிளவு ஒன்னு, 0.1 மில்லிமீட்டர் பிளவு ஆயிரத்துக்குச் சமம். கீழே போகப் போக மேற்பாறையின் எடை பிளவை இறுக்கும். அதனால 620-க்குக் கீழே தோண்டறது சீட்டாட்டம், பெரிய பிளவு மண்டலம் அந்த வழியா ஓடுதுன்னு தெரிஞ்சா மட்டும் யோசிக்கலாம்.

அடித்தளப்பாறை:
ஒரு குறுக்கீடு. ஆழத்தில் பிளவு திறந்தே இருக்காதுன்னு சொல்ல முடியாது. வியட்நாமின் பாக் ஹோ வயலில் 1988 முதல் கிரானைட் பிளவுகளிலிருந்து எண்ணெய் எடுக்கிறாங்க, அது கிலோமீட்டர் கணக்கில் ஆழம். ஆனா அங்கே நில அதிர்வு ஆய்வெல்லாம் பண்ணித்தான் தோண்டுவாங்க, போர் ரிக் கணக்கு வேற.

தோட்டத்துக்காரன்:
அப்ப மோட்டாரை என்ன பண்ணலாம்? வால்வை மூடி குறைச்சு ஓட்டவா?

பாறைவெடிப்பு:
7.5 எச்.பி.யை நிமிஷத்துக்கு 25 லிட்டருக்கு நெறிச்சா மோட்டார் சூடாகிப் போயிடும். 1.5 எச்.பி. ஒன்னு வாங்கி 340 அடியில் வையுங்க. மட்டம் இறங்கினா மோட்டாரை நிறுத்துற லெவல் எலக்ட்ரோடை 280-ல் கட்டுங்க, மட்டம் பிளவு வாய்க்கு மேலேயே இருக்கட்டும். வாய் திறந்து காத்து பட்டுக்கிட்டே இருந்தா இரும்பும் சுண்ணாம்பும் படிஞ்சு அடைக்கும். பிளவு பம்புக்கு மேலே இருக்கிறதால தண்ணி மேலிருந்தே உள்ளே போயிடும், மோட்டாரைச் சுத்தி ஓடாது. கூலிங் ஸ்லீவ் (தண்ணியை மோட்டாரைச் சுத்தி ஓட வைக்கிற உறை) கட்டாயம் போடணும். இதை விட்டுட்டுத்தான் நிறைய பேர் காயில் எரிச்சிடறாங்க.

அடித்தளப்பாறை:
பக்கத்துப் போர்கள் ஓடும்போது உங்க மோட்டாரை நிறுத்தி மட்டம் பாருங்க. பிளவு திசையில் 300 அடி தள்ளி இருக்கிறது இழுக்கலாம், குறுக்கே 60 அடியில் இருக்கிறது ஒன்னும் பண்ணாமலும் போகலாம். தூரத்தை வெச்சு முடிவு பண்ணாதீங்க.

தோட்டத்துக்காரன்:
பார்த்தேன். கிழக்கே இருக்கிறது ஓடினா அரை மணியில் 4 அடி இறங்குது, வடக்கே இருக்கிறதால ஒன்னுமில்லை. அப்ப ஹைட்ரோ பிராக்சரிங்?

பாறைவெடிப்பு:
உங்க பிளவு கிழக்குத் தோட்டக்காரர் போரோட ஏற்கனவே சேர்ந்திருக்கு, அதைப் பெருசாக்கினா அவர் தண்ணியும் சேர்ந்துதான் குறையும். ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஓட்டுங்க. அப்புறமும் பண்றதா இருந்தா பேக்கரை (போரை இடையில் அடைக்கிற ரப்பர் அடைப்பு) 320-க்குக் கீழே வெடிப்பில்லாத வழவழப்பான சுவரில் உட்கார வைக்கச் சொல்லுங்க, கீழ்ப்பகுதிக்கு மட்டும். அழுத்தம் ஏறி சட்டுனு விழுந்தா புதுசா ஏதோ திறந்திருக்கு. ஆரம்பத்திலிருந்தே ஏறலைன்னா பேக்கர் கசியுது, இல்லைன்னா பிளவு ஏற்கனவே திறந்திருக்கு. ரெண்டிலும் அங்கேயே நிறுத்தச் சொல்லிடுங்க.