சாம்பிள் லைப்ரரில இருந்து நிஜ சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவுக்கு: புதுசா எழுதறவங்களுக்கு எங்க வாய்ப்பு இருக்கு?

தெற்குவாசல்:

வணக்கம் மக்களே. நான் மதுரைக்காரன், இப்ப இங்கிலாந்துல ரெடிங்ல இருக்கேன், பகல்ல ஐடி வேலை, ராத்திரி மியூசிக். சென்னையில இருந்த வரைக்கும் கீபோர்ட் ப்ரோக்ராமிங்தான், குறும்படம், விளம்பரம், ஒன்னு ரெண்டு படத்துக்கு பிஜிஎம்ல அசிஸ்டென்ட். ஸ்ட்ரிங்ஸ், ப்ராஸ் எல்லாமே சாம்பிள்தான், அதாவது முன்னாடியே ரெக்கார்ட் பண்ணி வெச்ச சத்தத்தை கீபோர்ட்ல வாசிக்கிறது. நோட்டேஷன் நல்லா எழுதுவேன், ட்ரினிட்டி தியரி எட்டாவது கிரேடு முடிச்சாச்சு. ஆனா எழுபது எண்பது பேர் உக்காந்து நான் எழுதின ஒரு பக்கத்தை வாசிச்சு இதுவரைக்கும் கேட்டதே இல்லை.

2025 மார்ச் 8ந்தேதி ராஜா சார் லண்டன்ல ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோட சிம்பொனி பண்ணினப்ப ஹாமர்ஸ்மித் ஹால்ல நானும் இருந்தேன், அதுக்கப்புறம் இந்த ஆசை விடவே மாட்டேங்குது. மாஸ்டர்ஸ் படிக்கலாம்னா ஃபீஸ் கட்டுப்படியாகாது, வீட்ல ரெண்டு பிள்ளைங்க. வயசு 34. என்னை மாதிரி ஆளுங்களுக்கு ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதக் கத்துக் குடுக்கிற ஸ்கீம், வொர்க்‌ஷாப் ஏதாவது இருக்கா, சினிமாப் பின்னணின்னு சொன்னா ஒதுக்கிடுவாங்களா, இல்ல பேசாம காசு சேத்து புடாபெஸ்ட்ல வாடகைக்கு ஒரு ஆர்கெஸ்ட்ரா செஷன் எடுத்து ரெக்கார்ட் பண்ணிடலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

---

வயலா அக்கா:

தம்பி, நீங்க இருக்கிற இடம் இதுக்கு ரொம்ப நல்ல இடம், முதல்ல அதைத் தெரிஞ்சுக்கோங்க.

லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவுல (எல்எஸ்ஓ) பனுஃப்னிக் காம்போசர்ஸ் ஸ்கீம்னு ஒன்னு 2005ல இருந்து நடக்குது. போலந்துல இருந்து 1954ல இங்க வந்து தங்கிட்ட காம்போசர் ஆந்த்ரே பனுஃப்னிக்கோட நினைவா ஆரம்பிச்சது, ஹெலன் ஹாம்லின் ட்ரஸ்ட் பணம் குடுக்குது. வருஷத்துக்கு ஆறு பேரை எடுப்பாங்க. ஆளுக்கு மூணு நிமிஷ பீஸ், அவ்வளவுதான். மூணு நிமிஷம்னு லேசா நினைக்காதீங்க, அந்த மூணு நிமிஷத்துக்குப் பல மாசம் உக்காந்து எழுதுவீங்க, கூடவே காலின் மேத்யூஸ் மாதிரி பெரிய காம்போசர் பக்கத்துல இருந்து வழி சொல்லுவாங்க, கடைசில ஓல்ட் ஸ்ட்ரீட்ல இருக்கிற எல்எஸ்ஓ செயின்ட் லூக்ஸ்ல முழு ஆர்கெஸ்ட்ரா அதை எடுத்து வாசிக்கும். அந்த வொர்க்‌ஷாப்பைப் பொதுமக்களும் போய்ப் பாக்கலாம். அப்ளை பண்றதுக்கு முன்னாடியே ஒரு தடவை போய் உக்காருங்க. கண்டக்டர் எங்க நிறுத்தறார், எந்த செக்‌ஷன்ல இருந்து கேள்வி வருது, அதுக்கு காம்போசர் எப்படிப் பதில் சொல்றாங்க, இதைப் பாத்தாலே பாதி பாடம் வந்துடும்.

ஆனா ஆறே இடம், போட்டி ரொம்ப ஜாஸ்தி. அதனால நான் உங்களுக்கு முதல்ல சொல்றது வேற. மேக்கிங் மியூசிக்னு ஒரு அமைப்பு, நாடு முழுக்க பொழுதுபோக்கா வாசிக்கிற பாடுற குழுக்களுக்கு அது சங்கம் மாதிரி. அவங்க ஒரு காம்போசரையும் ஒரு அமெச்சூர் குழுவையும் ஜோடி சேத்து விடற திட்டம் நடத்தறாங்க, முன்னாடி அடாப்ட் எ காம்போசர்னு பேரு, இப்ப அடாப்ட் எ மியூசிக் கிரியேட்டர். திரும்பத் திரும்ப ரிகர்சலுக்குப் போய், அவங்களோட பழகி, அவங்களுக்குன்னே எழுதி, அவங்களே மேடையில வாசிப்பாங்க. நானே ஒரு அமெச்சூர் ஆர்கெஸ்ட்ராவுலதான் வயலா வாசிக்கிறேன். எங்ககிட்ட வயலா அஞ்சு பேர், அதுல ரெண்டு பேர் வேலை முடிஞ்சு லேட்டா வருவாங்க. இந்த மாதிரி இடத்துல எழுதிப் பழகினவங்களுக்கு எந்த லைன் தானா நிக்கும், எது விழுந்துடும்ங்கிறது கைக்கு வந்துடும்.

இது போக வேல்ஸ்ல இருக்கிறவங்களுக்கு பிபிசி நேஷனல் ஆர்கெஸ்ட்ரா ஆஃப் வேல்ஸோட காம்போசிஷன் வேல்ஸ் இருக்கு, ஸ்காட்லாந்துல ராயல் ஸ்காட்டிஷ் நேஷனல் ஆர்கெஸ்ட்ராவோட (ஆர்எஸ்என்ஓ) காம்போசர்ஸ் ஹப் இருக்கு, லிவர்பூல் பக்கம் ரஷ்வொர்த் ப்ரைஸ் இருக்கு. ஒவ்வொன்னுக்கும் வயசு, இருப்பிடம்னு தனித்தனி விதி, அந்தந்த வருஷ அறிவிப்பைப் பாத்துட்டு இறங்குங்க.

---

நியூஜெர்சி நாகஸ்வரம்:

சினிமாப் பின்னணின்னா ஒதுக்கிடுவாங்களான்னு கேட்டீங்க இல்ல, அதுக்கு மட்டும் நான் பதில் சொல்றேன். ஸ்கீம் நடத்தறவங்க உங்க ஸ்கோரைத்தான் பாப்பாங்க. இன்னும் சொல்லப்போனா வேற மரபுல இருந்து வரவங்களைத் தேடி எடுத்த இடமே இருக்கு. இங்க நியூயார்க்ல அமெரிக்கன் காம்போசர்ஸ் ஆர்கெஸ்ட்ரான்னு 1977ல ஆரம்பிச்ச ஆர்கெஸ்ட்ரா, 1991ல இருந்து புது காம்போசர்களுக்கு ரீடிங் நடத்தறாங்க, அதாவது அவங்க எழுதினதை ஆர்கெஸ்ட்ரா எடுத்து வாசிச்சுக் காட்டற செஷன். அதே ஆளுங்க 2010ல கொலம்பியா யுனிவர்சிட்டியோட ஜாஸ் சென்டரைச் சேத்துக்கிட்டு ஜாஸ் காம்போசர்ஸ் ஆர்கெஸ்ட்ரா இன்ஸ்டிடியூட்னு ஒன்னு ஆரம்பிச்சாங்க. ஜாஸ்ல பழுத்த கை, ஆனா சிம்பொனிக்கு எழுதினதே இல்லை, அப்படிப்பட்டவங்களுக்குன்னே வெச்சது. முதல்ல சில நாள் தீவிரமா வகுப்பு, ஒவ்வொரு வாத்தியமா பிரிச்சுக் காட்டினாங்க, அப்புறம் அதுல தேர்வானவங்க எழுதினதை நிஜ ஆர்கெஸ்ட்ரா வாசிச்சுது. நம்ம ஊர்ல கர்நாடக சங்கீதத்துல இருந்தும் சினிமாவுல இருந்தும் வரவங்களுக்கு இப்படி ஒரு ஏற்பாடு வந்தா எவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்கு ரொம்ப நாளா ஏக்கம். அமெரிக்கன் காம்போசர்ஸ் ஆர்கெஸ்ட்ராவோட இயர்ஷாட்ங்கிற திட்டம் மூலமா டெட்ராய்ட், நாஷ்வில், பஃபலோன்னு வெளியூர் ஆர்கெஸ்ட்ராக்கள்லயும் ரீடிங் நடந்திருக்கு. பெண் காம்போசர்கள் யாராவது இதைப் படிச்சா, லீக் ஆஃப் அமெரிக்கன் ஆர்கெஸ்ட்ராஸும் டுல்மின் ஃபவுண்டேஷனும் சேந்து குடுக்கிற கமிஷன், அதாவது காசு குடுத்துப் புது பீஸ் எழுதச் சொல்றது, இருக்கு, அதையும் தேடிப் பாருங்க.

இன்னொன்னு, கமகம். நம்மாளுங்க எல்லாரும் முதல் பீஸ்லயே இதைக் கொண்டுவரத்தான் பாப்போம், கொண்டுவரணும்தான், ஆனா 14 வயலின் சேந்து வாசிக்கிற லைன்ல தோடி காந்தாரத்தை அசைக்கச் சொன்னா 14 பேரும் 14 விதமா அசைப்பாங்க, கேக்கறவங்களுக்கு சுருதி சேரலைன்னுதான் தோணும். அதே காந்தாரத்தை முதல் வயலின் லீடருக்கு மட்டும் சோலோவா குடுத்து, அசைவைச் சின்னச் சின்ன நோட்டா காலப்பிரமாணத்தோட எழுதி, கீழ மத்த ஸ்ட்ரிங்ஸை ஸ ப மட்டும் பிடிக்க வெச்சுப் பாருங்க, அப்படியே நிக்கும். வெறும் நெளிகோடு போட்டு விட்டுட்டு ரிகர்சல்ல பாடிக் காட்டிக்கலாம்னு நினைச்சா நேரம் கிடைக்காது.

---

தெற்குவாசல்:

அக்கா, அண்ணா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அமெச்சூர் ஆர்கெஸ்ட்ரா யோசனை எனக்குத் தோணவே இல்லை. ரிகர்சல்ல எவ்வளவு நேரம்தான் குடுப்பாங்க? அப்புறம் புடாபெஸ்ட் செஷன் பத்தி யாரும் சொல்லலையே?

---

கோடம்பாக்கம் காப்பியிஸ்ட்:

நான் சொல்றேன். முழு ஸ்கோரை ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனி பார்ட்டா பிரிச்சு எழுதிக் குடுக்கிறதுதான் என் தொழில், புடாபெஸ்ட், மாசிடோனியால இருக்கிற ஸ்கோப்யே ரெண்டு ஊருக்கும் இங்க இருந்து நிறைய அனுப்பியிருக்கேன். அங்க வாசிக்கிறவங்க பிரமாதமான ஆளுங்க, பாத்த உடனே வாசிப்பாங்க. ஆனா அது ரெக்கார்டிங், பாடம் இல்லை. நேரத்துக்குக் காசு ஓடிட்டு இருக்கும், ஹெட்ஃபோன்ல தாளத்துக்கு க்ளிக் போட்டு டேக் எடுப்பாங்க, ஃப்ளூட் கேக்கலைன்னா மிக்ஸ்ல ஏத்திக்கலாம்னு அடுத்த பகுதிக்குப் போயிடுவாங்க. ஹால்ல ஏத்தறதுக்கு ஃபேடர் கிடையாதே சார். மிடில் சி பக்கத்துல ஃப்ளூட்டுக்கு மெலடி எழுதி அதே நேரத்துல நாலு ஹார்னைப் பிடிக்க வெச்சா சாம்பிள்ல அழகா கேக்கும், மேடையில ஃப்ளூட் வாய் அசையறது மட்டும்தான் தெரியும். ஹார்ப்பும் அப்படித்தான், ஏழு ஸ்வர எழுத்துக்கு ஏழு பெடல், கீபோர்ட்ல ஓட்டற மாதிரி வேகமா க்ரோமாட்டிக் ரன் (எல்லா அரை ஸ்வரத்தையும் வரிசையா தொடறது) எழுதினா காலால பெடல் மாத்தி முடியாது. இதையெல்லாம் வாசிக்கிறவங்களே நின்னு உங்ககிட்ட சொல்ற இடம்தான் முதல்ல வேணும், ரெக்கார்டிங் அப்புறம் பாத்துக்கலாம்.

நேரம் கேட்டீங்க. ரீடிங்னா பொதுவா ஒரு பீஸுக்கு அரை மணி கிடைச்சாலே பெரிசு. அதுல "47வது பார்ல செகண்ட் கிளாரினெட்டுக்கு அது ஃப்ளாட்டா நேச்சுரலா"ன்னு ஒருத்தர் கேட்டு, ஸ்கோரைப் புரட்டி, ட்ரான்ஸ்போஸ் பண்ணிப் பாத்து பதில் சொல்றதுக்குள்ள ரெண்டு நிமிஷம் போயிடும், மத்த எண்பது பேரும் சும்மா உக்காந்திருப்பாங்க. அதனால பார்ட்டுக்கு உழைங்க. ஸ்ட்ரிங்ஸ்ல ரெண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்டு, பக்கம் புரட்டற இடத்துல ரெஸ்ட் இல்லைன்னா ஒருத்தர் வாசிக்கிறதை விட்டுட்டுத்தான் புரட்டணும், செக்‌ஷன்ல பாதி சத்தம் காணாமப் போயிடும். ட்ராம்போன் நாப்பது பார் சும்மா இருந்துட்டு நுழையுதுன்னா அதுக்கு முன்னாடி ஓபோ லைனைச் சின்ன நோட்டுல க்யூவா, எப்ப நுழையணும்னு தெரியற அடையாளமா, போட்டுக் குடுங்க. சத்தத்தை அடக்கற ம்யூட்டைப் போட எடுக்க ரெண்டு மூணு பார் இடைவெளி விடுங்க. பார் நம்பர் ஒவ்வொரு வரி ஆரம்பத்துலயும் இருக்கணும். மோலான்னு ஆர்கெஸ்ட்ரா லைப்ரரியன்கள் சங்கம் இதுக்கெல்லாம் ஒரு வழிகாட்டி போட்டிருக்காங்க, இலவசம்தான், அதைப் பிரிண்ட் எடுத்து மேஜைல வெச்சுக்கோங்க. சாஃப்ட்வேர் தானா பிரிக்கிற பார்ட்டை அப்படியே அனுப்பவே அனுப்பாதீங்க, ஒவ்வொரு பார்ட்டையும் அந்த வாத்தியக்காரரா உக்காந்து முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரு தடவை எண்ணிப் பாருங்க.

---

வயலா அக்கா:

காப்பியிஸ்ட் அண்ணா சொன்னது அத்தனையும் வாசிக்கிறவங்க தரப்புல இருந்து நானும் வழிமொழியறேன். சுத்தமான பார்ட் கைக்கு வந்தா நாங்க அந்த காம்போசர் மேல மரியாதையோடதான் வில்லை எடுப்போம்.

தம்பி, ரெடிங் சுத்துவட்டாரத்துல அமெச்சூர் ஆர்கெஸ்ட்ரா கண்டிப்பா இருக்கும், ரிகர்சல் பெரும்பாலும் வாரநாள் சாயங்காலம். கண்டக்டருக்கு ஒரு மெயில் போட்டு, சும்மா உக்காந்து கேக்கலாமான்னு கேளுங்க, வேண்டாம்னு யாரும் சொல்ல மாட்டாங்க. கொஞ்ச வாரம் போனதும் ரெண்டு நிமிஷ பீஸ் ஒன்னு, டபுள் விண்ட் (ஃப்ளூட், ஓபோ, கிளாரினெட், பசூன் ரெண்டு ரெண்டு), ரெண்டு ஹார்ன், ரெண்டு ட்ரம்பெட், டிம்பனி, ஸ்ட்ரிங்ஸ், அதுக்கு மேல வேண்டாம், எழுதிக் கொண்டு போய் ரிகர்சல் கடைசி பத்து நிமிஷத்துல வாசிச்சுப் பாக்க முடியுமான்னு கேளுங்க. ஃபோன்லயாவது ரெக்கார்ட் பண்ணிக்கோங்க, பனுஃப்னிக் மாதிரி இடத்துக்கு அப்ளை பண்றப்ப சாம்பிள் டெமோவோட நிஜமா வாசிச்ச ஒன்னும் கையில இருக்கணும். ஸ்கோர் ரெடியானா இங்க போடுங்க, வயலா பார்ட்டை நான் வாசிச்சுப் பாத்து எழுதறேன்.

---

தெற்குவாசல்:

அக்கா, இன்னைக்கே மெயில் போடறேன். ஃப்ளூட்டை ஒரு ஆக்டேவ் மேல ஏத்தி எழுத ஆரம்பிச்சுட்டேன் காப்பியிஸ்ட் அண்ணா. வயலா பார்ட் அடுத்த மாசம் இங்க வரும்.