பழைய வீட்டுச் சுவரடியில் கண்ணாடிச் சில்லு: பிளேக் காலத்து வேலையா?

கொழிஞ்சாம்பாறைப் பேரன்:

எல்லோருக்கும் வணக்கம். கேரளாவில் பாலக்காட்டை அடுத்த கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்கள் பூர்வீக வீட்டைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருக்கிறோம். மண் சுவர், ஓட்டுக் கூரை. போன வாரம் பத்தாயம் இருந்த அறையில் தரையைக் கொத்தியபோது சுவரடியில் கை நுழையும் அளவு பொந்து ஒன்று தெரிந்தது. உள்ளே உடைந்த பாட்டில் சில்லுகளைத் திணித்து, மேலே சுண்ணாம்புக் காரை பூசி அடைத்திருக்கிறார்கள். அந்த ஓர் அறையிலேயே இப்படி நான்கு. தடித்த பச்சைக் கண்ணாடி, விளிம்பு இன்னும் கையைக் கிழிக்கிறது. திருஷ்டிக்கு வைத்ததாக இருக்கும் என்றார் மேஸ்திரி.

அப்பத்தாவிடம் போட்டோவைக் காட்டினேன். 91 வயது, கண் தெளிவு. "அது எலிப் பொந்து சாமி, எங்க மாமியா இருந்து அடைக்க வெச்சது" என்றார். அந்த மாமியார் கோயம்புத்தூர் டவுனில் பிறந்தவர். அவர் சிறுமியாக இருந்தபோது வீட்டுக்குள் எலி செத்து விழுந்தால் அன்றைக்கே சட்டி பானையோடு ஊருக்கு வெளியே போய், காட்டில் ஓலைக் குடிசை போட்டு இரண்டு மூன்று மாதம் இருப்பார்களாம். கல்யாணமாகி இங்கே வந்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை, வருசா வருசம் பொந்து தேடி அடைக்க வைப்பாராம்.

எலி செத்தால் மனிதர்கள் ஏன் வீட்டை விட்டு ஓட வேண்டும்? கோயம்புத்தூரை அப்படி ஆட்டிய நோய், இவ்வளவு கிட்டத்தில் இருக்கும் நம் பக்கத்தை ஏன் அந்த அளவு தொடவில்லை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சித்தூர் ஓய்வு ஹெல்த் இன்ஸ்பெக்டர்:

தம்பி, உங்கள் அப்பத்தா சொன்னது சரி. நான் கேரள சுகாதாரத் துறையில் வேலை பார்த்தவன், பயிற்சியில் எங்களுக்கு இதைப் பாடமாகவே நடத்தினார்கள்.

பிளேக் முதலில் எலிக்கு வரும் நோய். கிருமியைச் சுமப்பது எலி மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சி. எலி உயிரோடு இருக்கும்வரை தெள்ளு அதன் ரத்தத்தைக் குடித்துக்கொண்டு அங்கேயே இருக்கும். எலி செத்து உடம்பு ஆறியதும் இறங்கிவிடும், வேறு எலி தேடும், எலிகளெல்லாம் செத்துத் தீர்ந்தால் பசியில் மனிதனைக் கடிக்கும். எலி சாக ஆரம்பித்து ஏறக்குறைய பத்து பதினான்கு நாளில் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்து, தொடை இடுக்கிலோ அக்குளிலோ நெறி கட்டும். மருந்து இல்லாத காலத்தில் நெறி கட்டியவர்களில் பாதிக்கு மேல் பிழைக்கவில்லை. ஆக, முதல் எலி விழுந்த அன்றே வீட்டைக் காலி செய்தவர்கள் அந்த இடைவெளியைச் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள். தெள்ளுதான் பரப்புகிறது என்று 1898ல் கராச்சியில் சீமோன் என்ற பிரெஞ்சு டாக்டர் கண்டு சொன்னபோது பெரிய டாக்டர்களே நம்பவில்லை. இந்திய பிளேக் ஆராய்ச்சிக் கமிஷன் சோதனை செய்து உறுதிப்படுத்த இன்னும் பத்து வருசம் போனது. எலி விழுந்தால் வெளியேற வேண்டும் என்பது அதற்கு முன்பே ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது.

கண்ணாடிச் சில்லும் அதே கதைதான். வெறும் மண்ணை எலி தோண்டிவிடும், சில்லு இருந்தால் தோண்டாது. நெல் வைக்கும் அறையில் மட்டும் அடைத்திருக்கிறார்கள் பாருங்கள், அந்த அம்மாளுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

நம் பக்கம் ஏன் குறைவு என்றால், இந்தத் தெள்ளுக்குக் கடும் சூடு ஒத்துவராது. கோயம்புத்தூர், சேலம் மாதிரி மேட்டு ஊர்களில், குளிர்ந்த மாதங்களில்தான் அது நன்றாகப் பெருகும். கடலோரத்தில் வேறு ஜாதித் தெள்ளு அதிகம், அது பிளேக்கை அவ்வளவாகப் பரப்பாது. மெட்ராஸ் பட்டணமே பெரிய சேதமில்லாமல் தப்பியதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். அதோடு கோயம்புத்தூர் பஞ்சு மண்டி, தானிய மண்டி உள்ள ஊர். மூட்டைக்குள் தெள்ளு ஊர் ஊராகப் போகும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், இதை நம்மூர் எலிப்பனியோடு, அதாவது எலிக்காய்ச்சலோடு (லெப்டோஸ்பைரோசிஸ்) குழப்பிக்கொள்ளாதீர்கள். எலிப்பனி எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரில், சேற்றில் இருந்து வருவது, கிருமியே வேறு. பழைய தரையைக் கொத்துகிறீர்கள் என்பதால் காலுக்குப் பூட்ஸும் கைக்குக் கையுறையும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

உக்கடத்துக்காரன்:

கோயம்புத்தூர் கதையை நான் சொல்கிறேன். 1901 கணக்கெடுப்பில் டவுன் ஜனத்தொகை 53 ஆயிரம், 1911ல் 47 ஆயிரம். வளர்ந்துகொண்டிருந்த ஊர் பத்து வருசத்தில் சுருங்கியிருக்கிறது. செத்தவர்கள் போக, பயந்து வெளியேறியவர்களும் அதில் அடக்கம். இங்கே பழைய தெருக்களிலும் சுற்றுக் கிராமங்களிலும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. நோயின் பெயரையே அம்மனுக்கு வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள் என்றால் எவ்வளவு பட்டிருப்பார்கள் என்று ஒவ்வொரு தடவை அந்த வழியாகப் போகும்போதும் நினைத்துக்கொள்வேன்.

அப்புறம் பாஸ்போர்ட். பிளேக் இருக்கும் ஊரிலிருந்து ரயிலில் வருபவர்களுக்கு மெட்ராஸ் சர்க்கார் பிளேக் பாஸ்போர்ட் என்று ஒரு சீட்டு கொடுத்தது. போய்ச் சேர்ந்த ஊரில் பத்து நாள் தினமும் அதிகாரி முன் ஆஜராக வேண்டும். உங்கள் கொழிஞ்சாம்பாறை அன்றைக்குக் கொச்சி ராஜ்ஜியம், பாலக்காடு மலபார் ஜில்லா, அதாவது பிரிட்டிஷ் சீமை. பக்கத்துப் பக்கத்து ஊருக்கு வேறு வேறு சர்க்கார், தெள்ளுக்கு எல்லை ஏது?

நெருக்கடியான பழைய டவுனை விட்டு ஊர் மேற்கே விரிந்ததற்கும் பிளேக்கைத்தான் காரணமாகச் சொல்வார்கள். அப்படி மேற்கே உருவான ஆர்.எஸ்.புரம் என்பது முனிசிபல் சேர்மனாக இருந்த இரத்தினசபாபதி முதலியார் பெயர். சிறுவாணித் தண்ணீருக்குப் பாடுபட்டவரும் அவர்தான். சிறுவாணி வந்த பிறகுதான் கோவையில் பிளேக் ஒழிந்தது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள்.

சித்தூர் ஓய்வு ஹெல்த் இன்ஸ்பெக்டர்:

கடைசி வரியை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நல்ல தண்ணீர் வந்தால் குறைவது காலரா. பிளேக்குக்கும் குடிதண்ணீருக்கும் சம்பந்தமில்லை. காற்றும் வெளிச்சமும் வரும் அகலமான வீடு, தானியத்தை வீட்டுக்குள் குவிக்காதது, பொந்து அடைப்பது, தடுப்பூசி, இவைதான் பிளேக்குக்கு.

ஊசிக்கு ஜனங்கள் பயந்ததிலும் நியாயம் இருந்தது. ஹாஃப்கின் என்ற கிருமி ஆராய்ச்சியாளர் 1897 ஜனவரியில் பம்பாயில் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்த மருந்து அது, நல்ல மருந்துதான். ஆனால் 1902ல் பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமத்தில் ஒரே பாட்டிலிலிருந்து போட்டுக்கொண்ட 19 பேர் டெட்டனஸில் செத்துப் போனார்கள். அந்தச் செய்தி நாடு முழுக்கப் பரவியது. புனேயில் சிப்பாய்கள் வீடு புகுந்து சோதனை போட்டு அடித்த கூத்தும் சேர்ந்துகொண்டது. காய்ச்சல்காரரைப் பரண் மேல் ஒளித்து வைத்தார்கள் என்றால் அவர்களை மூடர் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

வேலந்தாவளம் செல்வி:

எல்லோரும் டாக்டரையும் சேர்மனையும் சொல்கிறீர்கள். எங்கள் கொள்ளுத்தாத்தா கோயம்புத்தூரில் எடுப்புக் கக்கூஸ் அள்ளியவர். வீட்டில் நாங்கள் இன்றைக்கும் தெலுங்குதான் பேசுவோம். பிளேக் வந்தால் எல்லோரும் வெளியே போவார்கள், இவர்கள் மட்டும் உள்ளே போவார்கள் என்று எங்கள் பாட்டி சொல்லும். செத்த எலியைப் பொறுக்கி எரிப்பது, கூரை ஓடுகளை மூன்று வரிசை பிரித்து வெயிலை உள்ளே விடுவது, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது, தொட ஆளில்லாத பிணத்தைத் தூக்குவது எல்லாம் இவர்கள் கையால்தான். காலில் செருப்புக்கூடக் கிடையாது, தெள்ளு முதலில் கடிப்பதே காலைத்தான். அவருடைய தம்பி அப்படித்தான் போனார், எந்த மாதம் என்றுகூட வீட்டில் யாருக்கும் தெரியாது. பிளேக் பற்றிப் பேசினால் இதையும் சேர்த்துப் பேசுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கொழிஞ்சாம்பாறைப் பேரன்:

செல்வி அக்கா, சாயங்காலம் அப்பத்தாவுக்கு உங்கள் பதிவைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், அவருடைய மாமியார் குடிசையில் இருந்த நாட்களில் டவுன் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தவருக்குக் குடிசைக்கு வெளியிலேயே இலை போட்டார்களாம், அதை நினைத்து மாமியார் கடைசிக் காலத்தில் அழுவார் என்றார். இத்தனை வருசத்தில் இதை எங்கள் யாரிடமும் சொன்னதில்லை.

இன்ஸ்பெக்டர் சார், பூட்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டேன். நான்கு பொந்தில் மூன்றைச் சிமெண்ட் வைத்து அடைக்கிறோம். வடக்கு மூலையில் இருப்பதை அப்படியே விட்டுப் பூசச் சொல்லியிருக்கிறேன்.