ஹவுஸ் தொடர்: வில்சன் காட்டிக்கொடுத்தாரா, காப்பாற்றினாரா?

கெடிலக்கரை (கடலூர்):

ஹவுஸ் என்கிற அமெரிக்க மருத்துவத் தொடரை மறுபடி முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், இரவு வீடு அடங்கிய பிறகு ஒரு நாளைக்கு இரண்டு எபிசோட். மூன்றாவது சீசனில் ட்ரிட்டர் கதை நேற்று முடிந்தது. கல்லூரி நாளில் பார்த்தபோது ட்ரிட்டர் மேல்தான் கோபம் வந்தது. இந்த முறை வில்சனை விட்டு மனம் நகரவே இல்லை.

மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஹவுஸ், யாருக்கும் பிடிபடாத நோயைக் கண்டுபிடிக்கிற மருத்துவர். அவருக்குக் காலில் தீராத வலி, விக்கோடின் என்ற வலி மாத்திரை இல்லாமல் ஒரு நாள் ஓடாது. எழுதிக் கொடுப்பவர் நண்பர் வில்சன், அதே ஆஸ்பத்திரியில் புற்றுநோய் மருத்துவர். அதுவும் போதாமல் வில்சனின் மருந்துச் சீட்டுப் புத்தகத்தை எடுத்து ஹவுஸே கள்ளக் கையெழுத்துப் போடுகிறார். கிளினிக்கில் அவரிடம் அவமானப்பட்ட ஒரு நோயாளி போலீஸ்காரர், அவர்தான் ட்ரிட்டர். வில்சனிடம் கையெழுத்தைக் காட்டி இது உங்களுடையதா என்று கேட்கிறார். வில்சன் ஆமாம் என்று பொய் சொல்கிறார். அப்புறம் வங்கிக் கணக்கு முடங்குகிறது, கார் போகிறது, மருந்து எழுதும் உரிமை போகிறது, கடைசியில் தன் நோயாளிகளை வேறு மருத்துவர்களிடம் அனுப்பிவிட்டுப் பிராக்டிஸையே மூடுகிறார். அப்போதும் வாய் திறக்கவில்லை. இவ்வளவும் தாங்கியவர் திடீரென்று ஒருநாள் ட்ரிட்டரிடம் போய், முப்பது வெள்ளிக்காசு வேண்டும் என்கிறார்.

என் கேள்வி இதுதான். அது களைத்துப்போன மனிதன் செய்த துரோகமா, இல்லை ஹவுஸைக் காப்பாற்ற வேறு வழி தெரியாமல் செய்ததா? முப்பது வெள்ளிக்காசுக்கு இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் பெயரைத் தன் தலையில் தானே ஏன் போட்டுக்கொள்கிறார்? எனக்கு இது வெறும் தொடர்ச் சமாச்சாரம் இல்லை, காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.

முதுநகர் மருந்துக்கடை:

தம்பி, இருபது வருடத்துக்கு மேல் மருந்துக்கடையில் நிற்கிறேன், அதனால் என் கண் சீட்டின் மேல்தான் போகும். விக்கோடின் என்பது ஹைட்ரோகோடோனும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை. தொடர் ஓடிய காலத்தில் அமெரிக்காவில் அது கட்டுப்பாடு குறைந்த மூன்றாம் அட்டவணை மருந்து, ஒரே சீட்டை வைத்து ஆறு மாதத்துக்குள் ஐந்து முறை வரை மறுபடி வாங்கலாம். 2014 அக்டோபரில்தான் இரண்டாம் அட்டவணைக்கு ஏற்றி அந்த வழியை அடைத்தார்கள். நம் பக்கத்தில் டிரமடால் என்ற வலி மருந்தை 2018-இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்னால் கசங்கிய பழைய சீட்டையே திரும்பத் திரும்ப நீட்டி மாத்திரை கேட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பின்னால் எங்கேயோ ஒரு நல்ல மனிதர் இருப்பார், பாவம் வலியில் துடிக்கிறானே என்று முதல் சீட்டை எழுதியவர்.

நீங்கள் கடைசியில் நடந்ததைக் கேட்கிறீர்கள். எனக்கு முதலில் சொன்ன பொய்தான் முக்கியம். அது நட்புக்காக மட்டும் சொன்ன பொய் என்று நான் நினைக்கவில்லை. கள்ளக் கையெழுத்து சில சீட்டில்தான், மற்றதெல்லாம் வில்சன் தெரிந்தே, தன் கையால் எழுதியது. இது என் கையெழுத்து இல்லை என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும்? சரி டாக்டர், மற்றச் சீட்டெல்லாம் எதற்காக எழுதினீர்கள் என்பதுதானே? அதற்கு அவரிடம் பதில் இல்லை. நண்பனுக்கு மறைப்புக் கட்டியபோது தனக்கும் சேர்த்துத்தான் கட்டினார்.

அரியாங்குப்பத்தான்:

எனக்கு வில்சன் மேல் அவ்வளவு இரக்கம் வருவதில்லை. மூன்று கல்யாணம், மூன்றும் முறிந்தது. இரண்டாவது சீசனில் தன் நோயாளி ஒருத்தியின் வீட்டிலேயே போய்த் தங்குகிறார். ஆறாவது சீசனில் இன்னொரு நோயாளிக்குத் தன் கல்லீரலில் ஒரு துண்டையே கொடுக்கிறார். முதல் சீசனில் ஆஸ்பத்திரி வாரியத் தலைவர் வோக்லர் ஹவுஸை வெளியேற்ற ஓட்டுக்கு விட்டபோது எதிர்த்துக் கை தூக்கித் தன் இடத்தையே இழக்கிறார். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் தியாகம். வரிசையாக வைத்துப் பார்த்தால், தன்னை நம்பி ஒருவர் விழுந்து கிடந்தால்தான் இவருக்கு மனசு அடங்கும் என்று தெரிகிறது. ஹவுஸ் குணமாகிவிட்டால் வில்சனுக்கு அங்கே என்ன வேலை? ட்ரிட்டரிடம் போனதும் அதே குணம்தான் என்பது என் வாதம். இதுவரை மாத்திரை கொடுத்துத் தாங்கினார், இப்போது பிடித்துக் கொடுத்துத் தாங்கப் பார்க்கிறார்.

வார்டு அக்கா (பாண்டி):

அரியாங்குப்பத்துத் தம்பி, அந்த எபிசோடில் வில்சன் எந்த நேரத்தில் போகிறார் என்பதை விட்டுவிட்டீர்கள்.

நான் புற்றுநோய் வார்டில் நர்ஸ். மருந்து எழுத முடியாத புற்றுநோய் மருத்துவர் என்றால் எங்களுக்கு உடனே தெரிகிற அர்த்தம் ஒன்றுதான், ராத்திரி இரண்டு மணிக்கு வலியில் கத்துகிற நோயாளிக்கு மார்ஃபின் எழுதக் கை இல்லை. வில்சன் அதையும் பொறுத்துக்கொண்டார், அந்த இடத்தில் எனக்கு அவர் மேல் நிஜமாகவே கோபம். தன் பணமும் காரும் போவதைத் தாங்குவது அவர் விருப்பம். நோயாளிகளின் வலியை எடுத்து நட்புக்குக் கொடுக்க அவருக்கு யார் உரிமை கொடுத்தது?

அவர் வாய் திறந்தது அந்த ஆறு வயதுப் பெண் குழந்தைக்குப் பிறகு. அந்த நேரம் ஹவுஸுக்கு மாத்திரையை அளந்து கொடுக்கிறார்கள், உடம்பு உதறுகிறது, எரிச்சலில் தன் குழுவில் இருக்கிற இளம் மருத்துவர் சேஸை ஒரு குத்து விடுகிறார். குழந்தையின் ஒரு கையையும் காலையும் எடுத்தால்தான் பிழைக்கும் என்று முடிவு கட்டி அறுவை சிகிச்சைக்கே அனுப்பிவிடுகிறார். சேஸ்தான் அது வெளிச்சம் பட்டால் தோல் புண்ணாகிற பிறவி நோய் என்று கண்டுபிடித்துக் கடைசி நேரத்தில் தடுக்கிறார்.

இத்தனை வருடம் வில்சன் தனக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். ஹவுஸ் எப்படிப்பட்டவராக இருந்தாலும் நோயைச் சரியாகச் சொல்லிவிடுவார், உயிர் பிழைக்கும், அதற்காக நாம் மூடி மறைக்கலாம். அந்தக் குழந்தை விஷயத்தில் கணக்கு உடைந்துவிட்டது. மாத்திரை இருந்தால்தான் அந்த மூளை வேலை செய்யும், இல்லாவிட்டால் ஒரு பிள்ளைக்குக் கை கால் இருக்காது என்றால், இவர் இதுவரை தாங்கிப் பிடித்தது திறமையை அல்ல, மாத்திரையை. களைப்பில் போகிறவர் கார் போன அன்றைக்கே போயிருப்பார்.

வெள்ளிக்காசு பற்றி. எங்கள் வீட்டில் வேதம் வாசிப்போம். யூதாஸ் காசை வாங்கிக்கொண்டு வெளியே முத்தம் கொடுத்தான். வில்சன் ட்ரிட்டர் முகத்துக்கு நேராகவே காசு என்ற வார்த்தையைச் சொல்கிறார். செய்வது நல்லதாகவே இருந்தாலும் நண்பன் கண்ணில் இது என்னவாகத் தெரியும் என்று அவருக்குத் தெரியும், அதற்கு நல்ல பெயர் கேட்க அவர் தயாராக இல்லை. அவர் வாங்கி வந்த பேரத்தையும் பாருங்கள். குற்றத்தை ஒத்துக்கொண்டால் ஜெயில் இல்லை, இரண்டு மாதம் மறுவாழ்வு சிகிச்சை, மருத்துவர் உரிமமும் போகாது. இதில் வில்சனுக்கு என்று ஒரு வரிகூட இல்லை.

கெடிலக்கரை (கடலூர்):

அக்கா, அந்தக் குழந்தையையும் வெள்ளிக்காசையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை. நேற்று பார்த்தும் கோக்கவில்லை.

காரணம் சொல்கிறேன் என்றேன் இல்லையா. பள்ளியிலிருந்து கூட வந்த நண்பன் ஒருவன் வாரக் கடைசியில் பைக்கில் பாண்டிக்குப் போவான், போனால் திரும்பி ஓட்டுகிற நிலையில் இருக்க மாட்டான். மூன்று முறை நான் போய்க் கூட்டி வந்தேன். அவன் அம்மா போன் செய்தால் எங்கள் வீட்டில் தூங்குகிறான் என்பேன். அம்மா நம்பி வைத்துவிடுவார். போன மாதம் அவன் வேலைக்கும் அப்படியே போனான். அவன் ஓட்டுவது பள்ளிக்கூட வேன்.

வீராம்பட்டினம் மீனா:

நானும் ஒன்று சொல்ல வேண்டும், ஐந்தாவது சீசன் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். வில்சனுக்கு டேனி என்று ஒரு தம்பி, மனச்சிதைவு நோய். வில்சன் மருத்துவம் படிக்கும்போது டேனி விடாமல் போன் செய்கிறான், படிக்கிற அவசரத்தில் ஒருநாள் வில்சன் பேச்சின் நடுவிலேயே வைத்துவிடுகிறார். டேனி மருந்தை நிறுத்திவிட்டு வீட்டை விட்டுப் போய்விடுகிறான். பதின்மூன்று வருடம் தகவல் இல்லை. வில்சனின் மொத்தக் குணமும் அந்த ஒரு போனிலிருந்து வளர்ந்தது என்று ஹவுஸே சொல்கிறார்.

படிப்பு முடித்த கையோடு நியூ ஆர்லியன்ஸில் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன இடத்தில்தான் வில்சனுக்கு ஹவுஸ் பழக்கம். ஆக, அதற்கு முன்பே தம்பி போயிருக்கிறான். தம்பியைத் தொலைத்தவனுக்குக் கிடைத்த நண்பன் ஹவுஸ்.

எங்கள் சித்தப்பாவுக்கும் அதே நோய். நான் சின்னவளாக இருக்கும்போது ஒரு சண்டைக்குப் பிறகு போனவர் வரவில்லை. 2011 டிசம்பர் 30 தானே புயலில் கம்பமெல்லாம் சாய்ந்து கரண்ட் இல்லாமல், போன் செத்துக் கிடந்தபோது ஆயா கூரை போனதைப் பற்றிக் கேட்கவில்லை. லைன் வந்துவிட்டதா, அவன் போட்டால் மணி அடிக்குமா என்று தினமும் கேட்டது. சண்டை போட்டது எங்கள் அப்பா. அன்றிலிருந்து அப்பா யாருக்கும் இல்லை என்று சொல்வதில்லை. கடன் கேட்டால் கொடுப்பார், ஏமாற்றுகிறான் என்று தெரிந்தாலும் கொடுப்பார். வில்சனைப் பார்க்கும்போது எனக்கு அப்பாதான் தெரிகிறார்.

அதனால் அரியாங்குப்பத்து அண்ணா சொன்ன அந்த வரிசையை நான் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அது மனசு அடங்குவதற்காகச் செய்வது இல்லை. அப்படிப்பட்டவர் ட்ரிட்டரிடம் போனது என்பது, மறுபடி ஒரு போனைத் தன் கையால் வைப்பது மாதிரி. அவரால் முடிகிற காரியங்களிலேயே கஷ்டமானது அதுதான்.

அரியாங்குப்பத்தான்:

மீனா, டேனியை நான் கணக்கில் எடுக்கவில்லை. வரிசை சரி, காரணம் தப்பு என்று திருத்திக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு இடம் இன்னும் இடிக்கிறது. பேரத்தை ஹவுஸ் ஏற்காமல், இறந்துபோன ஒரு நோயாளியின் பெயரில் இருந்த மாத்திரையை மருந்தகத்தில் வாங்கி, கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி அளவு மீறிப் போட்டுக்கொண்டு வாந்தி எடுத்துத் தரையில் கிடக்கிறார். வில்சன் வந்து பார்க்கிறார், உயிர் இருக்கிறது, குப்பியில் இருக்கும் பெயரைப் படிக்கிறார், எழுந்து போய்விடுகிறார். தம்பியை விட்ட குற்ற உணர்ச்சியில் வாழ்கிறவர் எப்படி அங்கே விட்டுவிட்டுப் போவார்?

வார்டு அக்கா (பாண்டி):

அங்கே உட்கார்ந்து அவரைச் சுத்தம் செய்து படுக்க வைத்திருந்தால் மறுநாள் ஹவுஸுக்கு எதுவும் நடக்காத மாதிரி இருந்திருக்கும். எத்தனையோ வருடம் அதைத்தான் வில்சன் செய்தார். அன்றைக்குத்தான் ஹவுஸ் தானாகவே கண் விழித்து, தான் கிடக்கிற கோலத்தைத் தானே பார்க்கிறார். நான் அந்தக் காட்சியை விட்டுப் போனதாகப் பார்க்கவில்லை. ஆனால் ஒரு நர்ஸாகச் சொல்கிறேன், மயக்கத்தில் வாந்தி எடுத்தவரைத் தனியாக விடவே கூடாது, அது மட்டும் தொடரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

கடலூர் தம்பி, வேன் விஷயத்தை நீங்கள் தள்ளிப்போடக் கூடாது. அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கும், குடியை நிறுத்த அங்கே மருந்தும் ஆலோசனையும் உண்டு. தனியாகப் போகச் சொல்லாதீர்கள், நீங்கள் கூடப் போங்கள். அவர் அம்மாவிடம் இந்த வாரமே சொல்லுங்கள்.

கெடிலக்கரை (கடலூர்):

நேற்று மாலை போய்ச் சொன்னேன். அவன் உள் அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான், வெளியே வரவில்லை. அம்மா அழவில்லை, நீ எத்தனை நாளாக எனக்குப் பொய் சொல்கிறாய் என்று மட்டும் கேட்டார். ஒரு வருடத்துக்கு மேல் என்றேன். முதுநகர் அண்ணன் எழுதிய அந்த அடுத்த கேள்வி என்னிடம்தான் வந்தது. அவன் வேன் சாவியை அம்மா இப்போது தன்னிடம் வைத்திருக்கிறார். திங்கள்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக அவன் இன்னும் சரி என்று சொல்லவில்லை. நான் லீவு போட்டுவிட்டேன்.