கல்லீரல் மாற்றுக்குப் பிறகு சர்க்கரை: ஹெபடைடிஸ் சி இருந்த அப்பாவுக்கு எந்த அளவை நம்புவது?

கேள்வி: மதுரையிலிருந்து ஒரு மகள்

வணக்கம். என் அப்பாவுக்கு வயது 58. ஹெபடைடிஸ் சி வைரஸால் கல்லீரல் சுருங்கிப்போனதால், நான்கு மாதங்களுக்கு முன் சென்னையில் அவருக்கு மாற்றுக் கல்லீரல் பொருத்தினார்கள். உடல்நிலை மிகவும் மோசமாக இருந்தமையால் வைரஸுக்கான மாத்திரைகளை அறுவைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள். அவருக்கு இதுவரை சர்க்கரை நோய் இருந்ததில்லை. ஆனால் சென்ற வாரம் மதிய உணவு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து அத்தையின் குளுக்கோமீட்டரில் பார்த்தபோது 246 என்று காட்டியது. மறுநாள் காலை வெறும் வயிற்றில் 102 தான். கடந்த சில மாதங்களின் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையும் எடுத்துப் பார்த்தோம், 5.5 என்று வந்தது. இவற்றில் எதை நம்புவது?

உறவினர்கள் சிலர், பசி திரும்பியதும் கேட்டதையெல்லாம் சமைத்துக் கொடுத்ததால்தான் இப்படி ஆயிற்று என்று அம்மாவைக் குறை சொல்கிறார்கள். புதிய கல்லீரலை உடல் நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரை சர்க்கரையை ஏற்றும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அதைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாமா என்று அப்பா கேட்கிறார். விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: மாற்றுச் சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகள் பணிபுரிந்த செவிலியர்

அன்புள்ள மகளே, முதலில் டாக்ரோலிமஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மருத்துவர் சொல்லாமல் அதில் அரை மாத்திரையைக்கூடக் குறைக்கக் கூடாது. குறைத்தால் உடல் புதிய கல்லீரலை நிராகரிக்கத் தொடங்கலாம்; சர்க்கரையைச் சரிசெய்ய வழிகள் உண்டு, கல்லீரலை இழந்தால் மீட்பது அரிது. தயவுசெய்து இன்றே அப்பாவிடம் சொல்லுங்கள்.

அம்மா மீது பழி சுமத்துவது நியாயமில்லை. உணவுக்கு ஒரு பங்கு உண்டு என்றாலும், உங்கள் அப்பாவின் உடலில் மூன்று காரணங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்திருக்கின்றன. டாக்ரோலிமஸ், கணையத்தின் பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரப்பதைக் குறைக்கிறது. பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு, சுரந்த இன்சுலினுக்கும் உடல் இணங்காதபடி செய்கிறது. ஹெபடைடிஸ் சி வைரஸோ, கல்லீரல் செல்களுக்குள் இன்சுலின் அனுப்பும் செய்தியையே கெடுக்கிறது. அறுவைக்குப் பிறகு இரத்தத்தில் எஞ்சியிருக்கும் அதே வைரஸ் புதிய கல்லீரலிலும் குடியேறிவிடுகிறது. ஆகவேதான் கல்லீரல் மாற்றுக்குப் பிறகு சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஹெபடைடிஸ் சி உள்ளவர்களுக்குக் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன. வயது, வயிற்றைச் சுற்றிய பருமன், குடும்பத்தில் சர்க்கரை ஆகியவை அதற்கு மேல் சேர்பவை.

அளவுகளைப் பற்றிய உங்கள் குழப்பத்துக்கு வருகிறேன். காலையில் விழுங்கும் ஸ்டீராய்டு நண்பகலிலிருந்து மாலை வரை சர்க்கரையை ஏற்றிவிட்டு, இரவில் வீரியம் குறைந்து, விடியும்போது ஒன்றும் நடவாததுபோல் ஆகிவிடும். காலையில் மட்டும் பார்க்கிறவர்களுக்கு இந்த நோய் தெரியாமலே போவது அதனால்தான். எச்பிஏ1சி என்பது சிவப்பணுக்களின் ஏறத்தாழ 120 நாள் வாழ்நாளை நம்பி எடுக்கும் கணக்கு. அறுவையின்போது ஏற்றிய பிறர் இரத்தமும் அதன் பின்னான இரத்தசோகையும் அந்தக் கணக்கைக் கலைத்துவிடுவதால், முதல் சில மாதங்களுக்கு 5.5 என்ற எண்ணை வைத்து நிம்மதி அடைய முடியாது. மதிய உணவுக்குப் பின் வந்த 246 தான் உங்கள் அப்பாவின் நிலையைக் காட்டுகிறது. ஒரு வாரம் மதியமும் மாலையும் பார்த்து, நோட்டில் எழுதி, மாற்றுச் சிகிச்சைக் குழுவிடம் காட்டுங்கள். குளுக்கோஸ் கொடுத்துப் பார்க்கும் பரிசோதனை தேவையா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். அந்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றில் 126, குளுக்கோஸ் குடித்த இரண்டு மணி நேரத்தில் 200 என்பவை சர்க்கரை நோய்க்கான எல்லைக்கோடுகள்.

பதில்: ஹெபடைடிஸ் பி காரணமாக மாற்றுக் கல்லீரல் பெற்றவர்

சகோதரி, எனக்கு இருந்தது ஹெபடைடிஸ் பி. அந்த வைரஸுக்கும் சர்க்கரைக்கும் சி வைரஸ் அளவுக்கு நெருக்கமான தொடர்பில்லை என்று என் மருத்துவர் விளக்கினார். ஆயினும் அதே மருந்துகளை நானும் உட்கொண்டேன். இரண்டாம் மாதத்திலேயே இன்சுலின் போட வேண்டியதாயிற்று. ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியபின் என் இன்சுலின் தேவையும் குறைந்து, ஓராண்டுக்குள் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை மட்டும் போதும் என்ற நிலை வந்தது. எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று சொல்ல மாட்டேன். சிறுநீரகம் சரியாக இருந்ததால்தான் எனக்கு மெட்ஃபார்மின் கொடுத்தார்கள், ஆகவே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பம்ளிமாஸ் பழம் டாக்ரோலிமஸ் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும் என்பதால் அதை அறவே தவிர்க்கச் சொன்னார்கள்; நம் ஊர்ச் சந்தையில் கிடைப்பது என்பதால் குறிப்பிடுகிறேன்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன், கண் கலங்கிவிட்டார். குழுவிடம் பேசினோம். டாக்ரோலிமஸ் அளவு பார்க்க இரத்தம் எடுத்தார்கள், ஸ்டீராய்டைக் குறைக்கிறார்கள், மதிய உணவுக்கு முன் சிறிதளவு இன்சுலின் போடுகிறார்கள். அடுத்த மாதம் ஹெபடைடிஸ் சி மாத்திரை 12 வாரங்களுக்குத் தொடங்கும். வைரஸ் போனால் சர்க்கரையும் போய்விடுமா?

பதில்: செவிலியர்

போய்விடும் என்று உறுதி சொல்ல இயலாது, ஆனால் பலருக்குக் கட்டுப்பாடு எளிதாகிறது. இன்டர்ஃபெரான் ஊசியை நம்பியிருந்த காலத்தில் மாற்றுக் கல்லீரல் பெற்றவர்களுக்கு அந்த வைரஸை ஒழிப்பது பெரும்பாடாக இருந்தது. 2013இல் சோஃபோஸ்புவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை வந்தபின் பெரும்பாலோருக்கு முழுமையாக நீங்கிவிடுகிறது. 2018இல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இம்மாத்திரைகள் இலவசமாகக் கிடைப்பதால், செலவு பெரிதாக இருந்தால் அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. வைரஸ் நீங்க நீங்க இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கும். பழைய அளவிலேயே ஊசி போட்டால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து, வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் வரக்கூடும். கல்லீரல் தேறும்போது டாக்ரோலிமஸை வேகமாகக் கழித்துவிடுவதால் அதன் அளவும் இறங்கலாம். எனவே அந்த 12 வாரங்களிலும், முடிந்த பின் சில மாதங்கள் வரையிலும், இரண்டு அளவுகளையும் அடிக்கடி பார்க்கச் சொல்லுங்கள். அப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு குளுக்கோஸ் மிட்டாய்கள் இருக்கட்டும்.