பைத்தான் நிரல்மொழியில் தமிழ்ச் சொல் மாற்றம்: ‘கல்’ மாறவில்லை, ‘கல்வி’ மாறுகிறது

கேட்டவர்:
இரண்டு சிக்கல். ‘கோவில்’ என்பதை ‘கோயில்’ ஆக்க ரீப்ளேஸ் ஓட்டினேன். சில இடங்களில் மட்டும் மாறவில்லை. கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிகிறது. அடுத்தது, தனியாக வரும் ‘கல்’ மட்டும் ‘பாறை’ ஆக வேண்டும். ரெஜெக்ஸில் (தேடும் வடிவத்தை எழுதும் முறை) இரு பக்கமும் சொல் எல்லைக்கான பேக்ஸ்லாஷ் பி (\b) போட்டேன். ‘கல்’ அப்படியே நிற்கிறது, ‘கல்வி’ போய் ‘பாறைவி’ ஆகிவிட்டது! பைத்தான் 3, கோப்பு யூடிஎஃப்-8.

பதில் 1:
மாறாத ‘கோவில்’ ஒன்றை எடுத்து லென் போட்டு, எத்தனை குறியீடு என்று பாருங்கள். 6 வந்தால் ஓகாரக் குறி ஒரே குறியீடு. 7 வந்தால் இரட்டைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக இருக்க வாய்ப்பு அதிகம். திரையில் வித்தியாசமே தெரியாது, ரீப்ளேஸுக்கோ அவை வேறு வேறு சரம் (எழுத்துத் தொடர்). யூனிகோட்டேட்டா தொகுதியின் நார்மலைஸை, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்தில் ஓட்டுங்கள். உரைக்கு மட்டுமல்ல, தேடும் சொல்லுக்கும்.

என்எஃப்சி எல்லாவற்றையும் சரிசெய்யாது. ஔகாரத்துக்கு ஒற்றைக்கொம்பு போட்டு ‘ள’ எழுத்தைத் தட்டியிருந்தால் அது அப்படியே இருக்கும். இடையில் ஒளிந்திருக்கும் பூஜ்ய அகல எழுத்துகளும் போகாது, தனியாக நீக்க வேண்டும்.

பதில் 2:
இரண்டாவது, ரெஜெக்ஸுக்கான பைத்தானின் ரீ தொகுதியில் உள்ள கோளாறு. சொல்லெழுத்தும் (சொல்லின் பகுதியாக எண்ணப்படும் எழுத்து) சொல்லெழுத்து அல்லாததும் சந்திக்கும் இடமே பேக்ஸ்லாஷ் பி-க்கு எல்லை. புள்ளியையும் உயிர்க்குறிகளையும் அது சொல்லெழுத்தாக எண்ணுவதில்லை. ‘கல்’ புள்ளியில் முடிகிறது, அடுத்து இடைவெளி. இரண்டுமே சொல்லெழுத்து அல்ல, ஆகவே நடுவில் எல்லை இல்லை. ‘கல்வி’யில் புள்ளிக்கு அடுத்து ‘வ’ வருகிறது, அங்கே எல்லை விழுகிறது. தலைகீழாக நடப்பதன் காரணம் இதுதான். எல்லையை நீங்களே எழுதுங்கள்:

(?<![ஂ-௺])கல்(?![ஂ-௺])

முன்னும் பின்னும் தமிழ் எழுத்தோ குறியோ ஒட்டியிருந்தால் பொருந்தாது. பெர்லில் இந்தத் தொல்லை இல்லை. நிரலையும் உரையையும் யூடிஎஃப்-8 ஆக வாசிக்க வைத்தால் போதும், அதன் சொல்லெழுத்தில் குறிகளும் அடக்கம்.

கேட்டவர்:
இரண்டும் சரியாகிவிட்டன. ஆனால் ‘கல்லை’, ‘கல்லில்’ விடுபடுகின்றன.

பதில் 2:
விடுபடத்தான் செய்யும். எல்லையைத் தளர்த்திவிடாதீர்கள், ‘பாறைலை’ வரும். ‘கல்லை’க்கு ‘பாறையை’, ‘கல்லில்’க்கு ‘பாறையில்’ என்று டிக்‌ஷனரி ஒன்று வைத்து, வடிவங்களை அடைப்புக்குள் செங்குத்துக்கோட்டால் பிரித்து அதே எல்லைகளுக்கு நடுவே போடுங்கள். ரீ தொகுதியில் மாற்றத்தைச் செய்யும் சப்புக்கு மாற்றுச் சரத்துக்குப் பதில் ஃபங்ஷன் கொடுத்தால் ஒரே ஓட்டத்தில் முடியும்.