ஸ்டார்ட்டருக்குத் தமிழ்: 'மதுவ நாற்று'

நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்கள் பழைய திரவ ஈஸ்ட்டைத் தேற்றியெடுக்கச் பெரிய கலத்தில் சேர்க்குமுன் சிறிய அளவில் வளர்க்கும் கரைசல்தான் 'ஸ்டார்ட்டர்'. அதற்குத் தமிழில் இதுவரை இரண்டு சொற்களை நண்பர்கள் முன்வைத்துள்ளனர்: தொடக்கி, பிரைமோர். இரண்டிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

தொடக்கி வண்டிக்குப் பொருந்தும். பிரைமோர் அழகான சொல்தான்; பிரை என்றால் பாலைத் தயிராக்க விடும் மோர். நாகர்கோவில் பக்கம் எங்கள் வீட்டில் இன்றும் ராத்திரி 'பிரை ஊத்தியாச்சா?' என்று கேட்காமல் அம்மா படுக்கமாட்டாள். ஆனால் பிரை நேரே பாலில் விழுகிறது. இங்கே நடுவில் ஒரு வளர்ப்பு இருக்கிறது.

நியூசிலாந்தில் இருக்கும் என் அத்தான் (அங்கே வீட்டில் காய்ச்சத் தடையில்லை) செய்ததைச் சொல்கிறேன். குளிர்பெட்டியில் 4 டிகிரியில் ஆறு மாதம் கிடந்த ஈஸ்ட் பாக்கெட். புதிதில் அதில் சுமார் 10,000 கோடி செல்கள் இருந்திருக்கும். நாளாக ஆக, சேர்த்துவைத்த உணவான கிளைக்கோஜன் தீர்ந்து செல்கள் சாகும். மெத்திலீன் நீலம் என்ற சாயத்தை விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் செத்தவை நீலமாகத் தெரியும். மிஞ்சியதை 20 லிட்டர் மால்ட் (முளைகட்டிய பார்லி) கரைசலில் நேரே ஊற்றினால் நுரை எழத் தாமதமாகும், பாக்டீரியா முந்திக்கொள்ளும். அதனால் அரை லிட்டர் நீரில் 50 கிராம் மால்ட் தூளைக் கொதிக்கவைத்து, நன்றாக ஆறியபின் ஈஸ்ட்டை விட்டு, அவ்வப்போது குலுக்கி இரண்டு நாள் வைத்தார். அடுத்து அதை 2 லிட்டர் கரைசலுக்கு மாற்றினார். பிறகே பெரிய கலம்.

கேட்டதும் கன்னிப்பூ என்ற முதல் போக நெல் சாகுபடிக்குத் தாத்தா விதைக்கோட்டையை (வைக்கோலில் கட்டிவைத்த விதைநெல்லை) பிரிப்பதுதான் கண்முன் வந்தது. ஒரு பிடி நெல்லை ஈரத்துணியில் முடிந்து முளை பார்ப்பார். மங்கிய வித்தை வயலில் எறிந்தால் களை மேலே வந்துவிடும். சின்ன நாற்றங்காலில் பாவி, தேறியதைப் பிடுங்கித்தான் நடவு.

நாற்று நாற்றங்காலில் பெருகுவதில்லையே, தூர் கட்டுவது (பக்கத்தில் கிளைத்துப் பெருகுவது) வயலில்தானே என்று கேட்பீர்கள். உண்மை. ஈஸ்ட் குடுவையிலேயே மொட்டு விட்டுப் பெருகிவிடும். அந்த இடத்தில் உவமை கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது. ஆனால் சிறிய இடத்தில் தேற்றிப் பெரிய இடத்துக்கு மாற்றுவது என்ற கருத்தை வேறு எந்தச் சொல்லும் இவ்வளவு நேராகச் சொல்லவில்லை.

ஈஸ்ட்டுக்கு இலங்கைப் பாடநூல்களில் 'மதுவம்' இருக்கிறது. ஆகவே ஸ்டார்ட்டருக்கு மதுவ நாற்று, அது வளரும் குடுவைக்கு நாற்றுக்குடுவை. பிரையையும் விடவேண்டாம்: தேறிய ஈஸ்ட்டைப் பெரிய கலத்தில் சேர்ப்பதற்குப் 'பிரை ஊற்றுதல்' என்றே வைக்கலாம், அங்கேதான் அது நேரே விழுகிறது. அடியில் படிவதற்கு மண்டி போதும்.

அரை லிட்டரிலிருந்து 2 லிட்டருக்கு ஏற்றும் படிக்கு 'மறுநாற்று' சரிவருமா? வயல்வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.